சிகாகோவுல தட்டின கை திண்டுக்கல்லுக்கு எப்போ கேக்கும்?

டாக்டரம்மா பதில்கள்

ஜூன் மாசம் வந்தா மழை வருதோ இல்லையோ, "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு"ன்னு ஒரு பார்வர்ட் கண்டிப்பா வந்துரும். ஏன் ஜூன்னு கேட்டா, அமெரிக்காவுல சிகாகோ ஊர்ல வருஷா வருஷம் மே கடைசி, ஜூன் ஆரம்பத்துல ஆஸ்கோன்னு ஒரு பெரிய கேன்சர் டாக்டருங்க மாநாடு நடக்குது, அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் கிளினிக்கல் ஆங்காலஜின்னு 1964ல ஆரம்பிச்ச சங்கம் அது. அங்க மேடையில சொன்னது அன்னைக்கு ராத்திரியே நம்ம குடும்ப குரூப்புக்கு வந்துருது, பாதி வழியில தலையும் வாலும் வெட்டுப்பட்டு. இந்த தடவை வந்த கேள்வியில முக்காவாசி அதை ஒட்டியே இருந்ததால சேத்து வச்சு பதில் எழுதறேன். பேர் போட வேண்டாம்னு பல பேர் கேட்டிருக்கீங்க, அதனால ஊர் மட்டும்.

ஈரோடு வாசகர்: டாக்டரம்மா, எங்க மச்சானுக்கு மலக்குடல்ல கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷனும் வேண்டாம் கீமோவும் வேண்டாம், ஒரு ஊசி போட்டு 100 சதவீதம் பேருக்கு குணம்னு அமெரிக்க மாநாட்டுல அறிவிச்சதா மெசேஜ் சுத்துது. உண்மையா? நெலத்த வித்தாவது வாங்கிரலாம்னு அக்கா சொல்றா.

நெலத்த விக்கறதுக்கு முன்னாடி இத படிங்க.

மெசேஜ் பொய்யில்ல, அதான் சிக்கலே. சுத்தமா பொய்யா இருந்தா ஒரு வரியில முடிச்சிருப்பேன். 2022 ஜூன் 5ஆம் தேதி ஆஸ்கோவுல நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரி டாக்டருங்க சொன்ன விஷயம் அது, மருந்து பேரு டோஸ்டார்லிமாப். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாசம், மொத்தம் 9. முடிச்ச எல்லாருக்கும் ஸ்கேன்லயும் குழாய் விட்டு பாத்ததுலயும் கட்டியே காணோம், ஆபரேஷன் இல்ல, கீமோ இல்ல, ரேடியேஷன் இல்ல. இவ்ளோவும் நிஜம். ஆனா எத்தனை பேருன்னு மெசேஜ்ல இருக்கான்னு பாருங்க, இருக்காது. பத்திரிகையில எழுதினது 12 பேர் கணக்கு, மேடையில சொன்னப்ப 14 பேர். ஒரு மினி பஸ்ல உக்கார வச்சிரலாம்.

இன்னொண்ணும் வெட்டிட்டாங்க, அது தான் உங்க மச்சானுக்கு ரொம்ப முக்கியம். அந்த 14 பேரும் ஏதோ வரிசையில நின்ன 14 பேர் இல்ல. செல்லு பிரியும்போது டிஎன்ஏவுல எழுத்துப்பிழை வந்தா திருத்தறதுக்கு உடம்புல ஒரு ஏற்பாடு இருக்கு, எம்எம்ஆர்னு சொல்லுவோம், மிஸ்மேட்ச் ரிப்பேர். சில பேரோட கட்டியில அந்த ரிப்பேர் பட்டறை வேலை செய்யாது, அதனால கட்டி முழுக்க எழுத்துப்பிழையா இருக்கும், நம்ம எதிர்ப்பு சக்தி கண்ணுக்கு அது சட்டுனு தெரியற மாதிரி ஆயிரும், அந்த எதிர்ப்பு சக்திக்கு போட்டிருக்கற பிரேக்க இந்த ஊசி எடுத்து விடுது, அவ்ளோ தான் சமாச்சாரம். மலக்குடல் கேன்சர் வர்ற 100 பேர்ல 5 பேர்ல இருந்து 10 பேருக்கு தான் இந்த வகை. மீதி 90 பேருக்கு பட்டறை ஒழுங்கா ஓடுது, அவங்களுக்கு இந்த ஊசியால அந்த மாதிரி பலன் கிடையாது.

அதனால அக்காகிட்ட சொல்லுங்க, நெலம் அப்புறம், மொதல்ல பயாப்சி பிளாக். மச்சானுக்கு சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்கல்ல, அந்த துணுக்க மெழுகுல பதிச்சு சின்ன பிளாக்கா லேப்ல வச்சிருப்பாங்க, தீப்பெட்டிய விட சின்னதா இருக்கும். அதுலயே எம்எம்ஆர் டெஸ்ட் பண்ணலாம், மறுபடி சதை எடுக்க வேண்டியதில்ல. எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2ன்னு நாலு ரிப்பேர் புரதம் இருக்கான்னு சாயம் போட்டு பாப்பாங்க. ரிப்போர்ட்ல நாலும் இருக்குன்னு வந்தா அந்த பார்வர்ட டெலீட் பண்ணிட்டு டாக்டர் சொல்ற ரேடியேஷன், கீமோ, ஆபரேஷன நாள் கடத்தாம ஆரம்பிங்க, அதுலயும் குணமாகறவங்க நிறைய பேர். ஏதாவது ஒண்ணு இல்லன்னு வந்தா கேன்சர் டாக்டர்கிட்ட இம்யூனோதெரபி, அதாவது இந்த மாதிரி எதிர்ப்பு சக்திய வச்சே பண்ற வைத்தியம், அத பத்தி நீங்களே வாய் தொறந்து கேளுங்க, அதோட சில குடும்பங்கள்ல இது பரம்பரையா வர்றதால கூடப்பிறந்தவங்களுக்கும் பரிசோதனை வேணுமான்னும் கேட்டுருங்க.

விலை? ஒரு டோஸ் கிட்டத்தட்ட 11,000 டாலர்னு அப்போ செய்தியில போட்டிருந்தாங்க. 9 டோஸ் போட்டு பெருக்கி பாருங்க, அன்னைய ரேட்டுல முக்கா கோடிக்கு மேல. எத்தனை ஏக்கர்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

ஒரு நல்ல செய்தியும் சொல்லணும். 2024 ஆஸ்கோவுல அதே குழு மறுபடி வந்தாங்க, அப்போ 42 பேர் சிகிச்சைய முடிச்சிருந்தாங்க, 42 பேருக்கும் கட்டி மறைஞ்சிருந்துச்சு. இந்த ரெண்டாவது செய்தி எனக்கு மொதலாவத விட பெருசு. ஆனா அது எந்த குரூப்லயும் எனக்கு வரல.

மதுரை, மருத்துவக் கல்லூரி மாணவர்: மேடம், இந்த மாதிரி மாநாட்டுல அப்படி என்ன தான் நடக்குது? எல்லாமே ஆன்லைன்ல வந்துருதே, ஏன் அத்தனை பேர் பிளைட் ஏறி போகணும்?

தம்பி, மெக்கார்மிக் பிளேஸ்னு மிச்சிகன் ஏரிக்கரையில ஒரு கட்டடம், வட அமெரிக்காவுலயே பெரிய மாநாட்டு மண்டபம் அது தான். 40,000 பேருக்கு மேல வருவாங்க. ஒரு ஹால்ல இருந்து இன்னொரு ஹாலுக்கு போறதுக்குள்ள கால் வீங்கிரும். ஆயிரக்கணக்கான ஆய்வு சுருக்கம் வரும், அதுல நாலஞ்சு மட்டும் பொறுக்கி ஞாயித்துக்கிழமை பெரிய மேடையில சொல்ல விடுவாங்க, அதுக்கு பிளீனரின்னு பேரு.

ஏன் போகணும்னு கேட்டீங்க. 2022ல அந்த பிளீனரியில ஷானு மோதின்னு ஒரு டாக்டர் மார்பக கேன்சர் பத்தி ஒரு ஆய்வு சொன்னாங்க, 557 பேர வச்சு பண்ணது. ஹெர்2ன்னு ஒரு புரதம் கட்டியில நிறைய இருந்தா அதுக்கு மருந்து இருக்கு, கொஞ்சமா இருந்தா இல்லன்னே கணக்குன்னு ரொம்ப வருஷமா ஓட்டிட்டு இருந்தோம். அந்த 'கொஞ்சம்' இருக்கறவங்களுக்கும் ஒரு மருந்து வேலை செய்யுதுன்னு அவங்க காட்டினப்ப அவ்ளோ பெரிய ஹாலும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. எவ்ளோ வித்தியாசம் தெரியுமா? வழக்கமான கீமோவுல சராசரியா 16.8 மாசம் இருந்தவங்க, இதுல 23.4 மாசம். ஆறரை மாசம், அதுக்கு தான் எழுந்து நின்னாங்க. வெளியில இருக்கறவங்களுக்கு "ஆறு மாசத்துக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்"னு தோணும், ஆனா வார்டுல நின்னவங்களுக்கு தெரியும், பொண்ணு பிளஸ் டூ முடிக்கற வரைக்கும் இருந்தா போதும் டாக்டர்னு கேக்கறவங்களுக்கு ஆறு மாசம்னா என்னன்னு. ரெண்டே மாசத்துல, ஆகஸ்ட் 5ஆம் தேதி, அமெரிக்காவுல அனுமதியும் குடுத்துட்டாங்க.

ஆனா என்ன கேட்டா மாநாட்டோட உயிரு பெரிய மேடையில இல்ல, போஸ்டர் ஹால்ல தான் இருக்கு, அதாவது அவங்கவங்க ஆய்வ பெரிய தாள்ல போட்டு மாட்டிட்டு பக்கத்துல நின்னு கேள்விக்கு பதில் சொல்ற இடம். என் கதையவே சொல்றேனே. தொண்ணூறுகள்ல நம்ம நாட்டுலயே வடக்க ஒரு மாநாடு, எனக்கு மொத போஸ்டர். கார்ட்போர்டு டியூப்ல சுருட்டி மேல் பெர்த்ல பத்திரமா வச்சேன், ரொம்ப பத்திரமா வச்சதால இறங்கும்போது மறந்தே போச்சு. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனரி கடை தேடி அலைஞ்சு, மூடப்போன கடையில ஆறு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி, விடிய விடிய ஹாஸ்டல் தரையில உக்காந்து எழுதினேன். காலையில பாத்தா எல்லாரோடதும் பளபளன்னு பிரிண்ட்டு, என்னது மட்டும் ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன் மாதிரி. ஆனா எழுத்து பெருசா இருந்ததால கூட்டம் என்கிட்ட தான் நின்னுச்சு!

அதுல வயசான புரொபசர் ஒருத்தர், கண்ணாடிய நெத்திக்கு தூக்கிட்டு ஆறு சார்ட்டையும் பொறுமையா படிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாப்பது பேருக்கு குடுத்தேன்னு போட்டிருக்கம்மா, இதுல எத்தனை பேர் திரும்ப வந்தாங்க?" பதினொண்ணுன்னு சொன்னேன். "அப்போ இது பதினொரு பேரோட போஸ்டர்"னுட்டு போயிட்டார். எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா அன்னையில இருந்து எந்த ஆய்வு கைக்கு வந்தாலும் மொதல்ல அதை தான் தேடுவேன், எத்தனை பேரு, எவ்ளோ நாள் பாத்தாங்க, யாரு திரும்ப வரலன்னு. இதை ஆன்லைன்ல எந்த வீடியோவும் எனக்கு சொல்லிக் குடுத்திருக்காது தம்பி.

டியூப் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ஒரு மாசம் கழிச்சு எப்படியோ கைக்கு வந்துருச்சு, இன்னும் பரண்ல இருக்கு.

சிவகாசி வாசகர்: மாநாட்டுல சொல்லிட்டாலே அது நிரூபணமானது தானே மேடம்?

இல்லீங்க. மாநாட்டுல குடுக்கறது ஆய்வு சுருக்கம், ஒரு பக்கத்துக்குள்ள. முழு விவரத்தையும் எழுதி, மத்த நிபுணருங்க துருவி துருவி கேட்டதுக்கு பதில் சொல்லி, மருத்துவ பத்திரிகையில வந்தா தான் பாதி கிணறு தாண்டின மாதிரி. மருத்துவ ஆய்வுகள அலசி பாக்கற காக்ரேன்னு ஒரு அமைப்பு மூணு லட்சத்துக்கும் மேல மாநாட்டு சுருக்கங்கள கணக்கு எடுத்து பாத்துச்சு, அதுல முழு கட்டுரையா வெளிவந்தது 37 சதவீதம் தான். மீதி எங்க போச்சுன்னா, சிலது எழுத நேரமில்லாம, சிலது ரிசல்ட் சொதப்பினதால, சிலது என் சார்ட் பேப்பர் மாதிரி.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்க டாக்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவை "கான்பரன்ஸ், நாலு நாள் கிளினிக் விடுமுறை"ன்னு போர்டு மாட்டிடறார். இதெல்லாம் மருந்து கம்பெனி செலவுல ஊர் சுத்தறது தானே அம்மா, ஒளிவு மறைவில்லாம சொல்லுங்க.

ஐயா, ஒளிவு மறைவில்லாமலே சொல்றேன். ஒரு காலத்துல அப்படி நடந்துச்சு, நிறையவே நடந்துச்சு. டிக்கெட், ஓட்டல், ஊர் சுத்த வண்டி, திரும்பி வரும்போது சூட்கேஸ். எங்க வீட்டு பரண்லயே கம்பெனி பேர் போட்ட பை மூணு, குடை ஒண்ணு இருந்துச்சு, குடைய மட்டும் ரொம்ப நாள் வச்சிருந்தேன், நல்ல குடை. 2009 கடைசியில மெடிக்கல் கவுன்சில் விதியில திருத்தம் கொண்டு வந்து டாக்டருங்க கம்பெனிகிட்ட பரிசு, பயணச் செலவு எல்லாம் வாங்கக் கூடாதுன்னாங்க. அது டாக்டர தான் கட்டுப்படுத்துச்சு, கம்பெனிய இல்ல. 2024 மார்ச்ல மத்திய அரசு கம்பெனிகளுக்கும் ஒரு நடத்தை விதி கொண்டு வந்துச்சு, வெளிநாட்டுல கொண்டு போய் மாநாடு நடத்தறதுக்கு அதுல தடை இருக்கு. விதி போட்டா ஊரு திருந்திருமான்னு கேட்டா, நீங்க வாத்தியார், உங்களுக்கு தெரியாததா.

ஆனா உங்க டாக்டர் போறத தப்புன்னு சொல்ல மாட்டேன். அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் படிப்புல உக்காரணும்னு கவுன்சிலே சொல்லுது. 1985ல படிச்சத வச்சே 2025ல மருந்து எழுதற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா? அடுத்த தடவை அவர் திரும்பி வந்ததும் சும்மா கேட்டுப் பாருங்க, "அங்க என்ன புதுசா கத்துக்கிட்டீங்க டாக்டர்?"னு. மூஞ்சி மலர்ந்து பத்து நிமிஷம் பேசினா நல்ல டாக்டர். சாப்பாட்ட பத்தி மட்டும் பேசினா நீங்க சந்தேகப்பட்டது சரி.

நாகர்கோவில் வாசகி: சாப்பாடு எப்படி இருக்கும்?

அமெரிக்காவுலன்னா அட்டை டப்பாவுல ஜில்லுன்னு ஒரு சாண்ட்விச், ஒரு ஆப்பிள். இங்கன்னா ஒன்றரை மணிக்கு மேல எவ்ளோ பெரிய புரொபசர் பேசினாலும் ஹால் காலி, பிரியாணி வாசனை வந்துரும்.

திண்டுக்கல் வாசகி: எல்லாமே அமெரிக்கா, கோடிக்கணக்குல மருந்துன்னே சொல்றீங்களே, நம்ம நாட்டு ஆளுங்க கண்டுபிடிச்சது எதுக்காவது அந்த மேடையில கை தட்டியிருக்காங்களா?

வாங்க, இந்த கேள்விக்கு தான் காத்திருந்தேன், அதுவும் திண்டுக்கல்ல இருந்தே வந்திருக்கு.

2013 ஆஸ்கோவுல அந்த பெரிய மேடைக்கு மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரியில இருந்து டாக்டர் சுரேந்திர சாஸ்திரி போனார். கையில கொண்டு போன கண்டுபிடிப்பு என்ன தெரியுமா, வினிகர். ஊறுகாய்க்கு ஊத்தற அதே சமாச்சாரம், அசிட்டிக் ஆசிட், 4 சதவீதம். கர்ப்பப்பை வாயில அந்த தண்ணிய பஞ்சுல தொட்டு ஒத்தி எடுத்து ஒரு நிமிஷம் காத்திருந்தா, கேன்சரா மாறப்போற செல்லு இருக்கற இடம் மட்டும் வெள்ளையா தடிச்சு தெரியும். ஒரு டார்ச் லைட்டு போதும். லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்கு பத்து நாள் வேண்டாம். (தயவு செஞ்சு வீட்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க, பாக்கத் தெரிஞ்ச கண்ணு வேணும்.)

மும்பை குடிசைப் பகுதியில 35 வயசுல இருந்து 64 வயசு வரைக்கும் ஒன்றரை லட்சம் பெண்கள், 1998ல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா பாத்தாங்க. பாதி பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்த டெஸ்ட், நாலு சுத்து. யாரு பண்ணா? டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல, பத்தாவது படிச்ச பெண்களுக்கு நாலு வாரம் பயிற்சி குடுத்து அவங்கள வச்சு. கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சாகறவங்க எண்ணிக்கை 31 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. இத நாடு முழுக்க பண்ணா வருஷத்துக்கு 22,000 உயிர் மிஞ்சும்னு கணக்கு சொன்னார். மறுபாதி பெண்களுக்கு டெஸ்ட் பண்ணாம வெறுமன சுகாதார பிரச்சாரம் மட்டும் பண்ணிட்டு அத்தனை வருஷம் பாத்துட்டு இருந்தது நியாயமான்னு ஒரு பெரிய சண்டையும் வந்துச்சு. எனக்கும் அது உறுத்தல் தான், கை தட்டினதோட அதையும் சேத்தே சொல்லணும்.

இப்போ உங்க ஊர் விஷயம். மும்பைக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 2007ல, லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையில இதே மாதிரி ஒரு ஆய்வு வந்துச்சு, நடந்தது உங்க திண்டுக்கல் மாவட்டத்துல, அம்பிளிக்கை ஆஸ்பத்திரிகாரங்களும் சேந்து பண்ணது. 30ல இருந்து 59 வயசு வரைக்கும், கிராமம் கிராமமா, பயிற்சி எடுத்த நர்ஸுங்க ஒரு தடவை பாத்தாங்க, கேன்சருக்கு முந்தின நிலைன்னா பெரும்பாலும் அங்கயே உறைய வச்சு வைத்தியம். அந்த கேன்சர் வர்றது 25 சதவீதம் குறைஞ்சுது, சாவு 35 சதவீதம். உங்க பாட்டியோ பெரியம்மாவோ அதுல ஒருத்தரா இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்க. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு போற வழியில இருக்கற ஊரு உலகத்துக்கு பாடம் எடுத்துச்சுன்னு அங்கயே எத்தனை பேருக்கு தெரியும்?

இன்னும் ரெண்டு சொல்லிக்கறேன், சொல்லாட்டி தூக்கம் வராது. டோஸ்டார்லிமாப் வந்த அதே 2022 ஆஸ்கோவுல டாடா மெமோரியல்காரங்க நிவோலுமாப்னு இன்னொரு இம்யூனோதெரபி ஊசிய பத்தி சொன்னாங்க. வழக்கமா ரெண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் போடற மருந்து, இவங்க மூணு வாரத்துக்கு வெறும் 20. வாய், தொண்டை கேன்சர் முத்தினவங்க 151 பேர். மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினவங்க 16 சதவீதம், அதோட இந்த துளி ஊசியும் போட்டவங்கள்ல 43 சதவீதம். அதே வருஷம் செப்டம்பர்ல பாரிஸ்ல நடந்த ஐரோப்பிய கேன்சர் மாநாட்டுல அதே டாடா மெமோரியல் டாக்டர் ராஜேந்திர பட்வே சொன்னது அதை விட எளிமை. மார்பக கேன்சர் ஆபரேஷனுக்கு பத்து நிமிஷம் முன்னாடி கட்டிய சுத்தி லிக்னோகெய்ன், பல்லு புடுங்கறதுக்கு போடற மரத்துப்போற ஊசி. சுமார் 1,600 பெண்கள்கிட்ட பாத்ததுல அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 86.4ல இருந்து 90.1 சதவீதம் ஆச்சு.

வினிகரு, பல்லு டாக்டர் ஊசி, பன்னெண்டுல ஒரு பங்கு டோஸ். இதுல எதையும் வித்து யாரும் கோடீஸ்வரன் ஆக முடியாது, அதனால தான் எந்த குரூப்லயும் இது பார்வர்டா வரலன்னு நான் நினைக்கறேன். நீங்க வேணா இந்த பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க, ஆசிரியர்கிட்ட நான் பேசிக்கறேன்.

விழுப்புரம் மாவட்டம், செவிலியர்: மேடம், எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல நீங்க சொல்ற வினிகர் டெஸ்ட் நான் பண்ணிட்டு இருக்கேன். பாசிட்டிவ்னு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தா நிறைய பேர் போறதே இல்ல. யாரு போகலன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். எங்க மேடம் இத மாநாட்டுல போஸ்டரா போடுன்னு சொல்றாங்க. நானெல்லாம் போடலாமா, இங்கிலீஷும் அவ்ளோவா வராது.

பாப்பா, அந்த வயசான புரொபசர் கேட்ட கேள்விக்கு பதிலு உன் நோட்டுல இருக்கு, என்கிட்ட இல்லாதது. நீ போடாம வேற யாரு போடறது?

வேலை இவ்ளோ தான். மொத்தம் எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ண, எத்தனை பாசிட்டிவ், எத்தனை பேர் போனாங்க, எத்தனை பேர் போகல. போகாதவங்க வீட்டுக்கு போறப்ப ஏன்னு கேளு, வீட்டுக்காரர் விடலையா, பஸ் காசா, நூறு நாள் வேலை போயிருமா, பயமா, அவங்க வாயால சொன்னத அப்படியே எழுது. தமிழ்லயே எழுதிக்க, இங்கிலீஷ் ஆக்கறதுக்கு உங்க டாக்டர் இருக்காங்க. அவங்க மூலமா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிரு, போஸ்டர்ல யாரு பேரும் ஊரும் வரக் கூடாது. சிகாகோ எல்லாம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல மாநில அளவுல ஒரு மாநாட்டுக்கு அனுப்பு. எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும்.

உன் முகவரிய ஆபீசுக்கு எழுது, பரண்ல இருக்கற கார்ட்போர்டு டியூப தூசி தட்டி அனுப்பி வைக்கறேன். மேல் பெர்த்ல வைக்காத.